சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: குழந்தைக்குச் சிறுநீரக மாற்றும் டிரிப்ஸ் கணக்கும்

தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் 2023 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்தார். அவருடைய உறுப்புகளைக் குடும்பத்தார் தானமாகக் கொடுத்தார்கள். உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்த சமயம் அது. மாநிலத்திலேயே அந்த மரியாதை முதலில் நடந்தது கம்பம் பள்ளத்தாக்கின் அந்த ஊரில்தான். கொடுப்பதன் பெருமையை அன்று நிறையப் பேசினோம். கொடுத்த சிறுநீரகம் ஒரு சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அதை ஓட வைப்பது எப்படி என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

கத்தியும் தையலும் சில மணி நேரத்து வேலை. அதன்பின் அந்தச் சிறுநீரகம் பிழைப்பது பெரும்பாலும் தலைமாட்டில் தொங்கும் பாட்டில்களைப் பொறுத்தது. நம் ஊரில் எந்தப் பாட்டில் தொங்கினாலும் “குளுக்கோஸ் ஏத்துறாங்க” என்போம். இந்த அறுவையில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, எந்த மணி நேரத்தில் எத்தனை மி.லி. போகிறது என்பது ஊசி மருந்தின் அளவைப் போலவே துல்லியமாகப் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கை அடுப்படியில் வைத்தே புரிந்துகொண்டுவிடலாம்.

சின்னச் சட்டி, பெரிய அகப்பை

வீட்டில் இரண்டு பேருக்கு ரசம் வைக்கும் சட்டி ஒன்று. கல்யாணப் பந்தியில் பரிமாறும் பெரிய அகப்பை ஒன்று. சட்டி குழந்தையின் உடம்பு. ரசம் அதன் ரத்தம். அகப்பை வளர்ந்த ஒருவரின் சிறுநீரகம்.

குழந்தைக்குக் குழந்தையின் சிறுநீரகத்தையே வைக்கலாமே என்று தோன்றும். அது அரிதாகத்தான் கிடைக்கும். கிடைத்தாலும் அதன் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை; எளிதில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ தருவார்கள். இல்லையென்றால் மூளைச்சாவு அடைந்த பெரியவர் ஒருவரிடமிருந்து வரும்.

10 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய இந்த எடையாவது வரட்டும் என்றுதான் பல மருத்துவமனைகள் மாற்று அறுவைக்குக் காத்திருக்கின்றன. அந்த உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் 800 மி.லி. பெரியவரின் சிறுநீரகமோ சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. பழைய உடம்பில் இருந்தபோது அதற்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய் வந்தது. இந்தக் குழந்தையின் இதயம் உடம்பு முழுவதற்குமாக நிமிடத்துக்கு இறைப்பதே ஒன்றரை லிட்டரிலிருந்து 2 லிட்டர்தான்.

அழுத்தத்திலும் அதே இடைவெளி. பெரியவரின் சராசரி ரத்த அழுத்தம் 90 மி.மீ. அளவில் இருக்கும். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது 60-ஐ ஒட்டித்தான். அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெரிய சிறுநீரகத்துக்குள் ரத்தம் மந்தமாகும். மந்தமான ரத்தம் உறையும். சின்னக் குழந்தைகளுக்கு வைத்த சிறுநீரகம் தொடக்க நாட்களிலேயே வீணாவதற்கு ரத்தக் குழாயில் உறைகட்டி விழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழி இங்கே மருத்துவ விதியாகவே ஆகிவிடுகிறது.

அடுப்பில் ஏற்றும் முன்

சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகளில் பலருக்கு அது பிறவியிலேயே வந்த கோளாறு. சிறுநீரகம் சரியாக உருவாகாமல் போயிருக்கலாம். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் தடுப்பு இருந்திருக்கலாம். சிறுநீர் பின்னோக்கி ஏறியிருக்கலாம். சிலருக்குச் சிறுநீரே வராது. குடிக்கும் ஒவ்வொரு வாய் நீரையும் அம்மா அளந்து கொடுப்பார். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு இருந்தாலும் இளநீர் கிடையாது. அதில் பொட்டாசியம் அதிகம். மிஞ்சும் நீரை டயாலிசிஸ் எடுத்துவிடும்.

இப்படி வறண்ட சட்டியோடு குழந்தை அறுவை அரங்குக்குள் வந்தால் சிக்கல். மயக்க மருந்து கொடுத்ததும் ரத்தக் குழாய்கள் தளரும். இருக்கும் கொஞ்ச ரசமும் அடியில் தங்கிவிடும். அதனால் அறுவைக்குச் சற்று முன் டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் நீரை ஒட்ட உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

கழுத்திலுள்ள பெரிய சிரைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தத்தை மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஓரளவு அடையாளம் அது. பல இடங்களில் 10 மி.மீ.-ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ அதை நிறுத்துகிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் ஊற்றுவதில்லை. ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, கை கால்களின் சூடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள்.

கிளாம்பைத் திறக்கும் நிமிடம்

சின்னக் குழந்தைக்குப் பெரிய சிறுநீரகத்தை வயிற்றுக்குள் வைத்து, உடம்பின் நடுவில் ஓடும் மகாதமனியோடும் கீழ்ப் பெருஞ்சிரையோடும் தைக்கிறார்கள். வளர்ந்த பிள்ளை என்றால் இடுப்புப் பக்கத்துக் குழாய்களே போதும். தைக்கும்வரை ரத்தக் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருப்பார்கள். தைத்து முடித்துத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

காலியான பெரிய அகப்பையைச் சின்னச் சட்டியில் அமுக்கித் தூக்கிப் பாருங்கள். யாருக்கும் ஊற்றுவதற்கு முன்பே சட்டியில் மட்டம் சட்டென்று இறங்கும். அகப்பையின் குழி தனக்குள் வாங்கிக்கொண்டதுதான் அந்த இறக்கம். கிளாம்பைத் திறந்ததும் பெரியவரின் சிறுநீரகம் 200 மி.லி. வரை ரத்தத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். 800-இல் 200 போனால் கால் பங்கு. குழந்தையின் ரத்த அழுத்தம் விழும். விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது புதிதாக வைத்த சிறுநீரகம்.

அதனால் திறப்பதற்கு முன்பே சட்டியை நிரப்புகிறார்கள். சலைன் வகைத் திரவம், தேவைப்பட்டால் ஆல்புமின், ரத்தம் எல்லாம் ஏறும். சின்னக் குழந்தைகளுக்கு அறுவை முடிவதற்குள் கிலோவுக்கு 50 மி.லி.-ஐத் தாண்டிப் போவதும் உண்டு. சராசரி அழுத்தத்தை 65, 70-க்கு மேல் ஏற்றி வைக்கிறார்கள். நீரால் மட்டும் ஏறாவிட்டால் அழுத்தம் கூட்டும் மருந்தும் சேரும்.

அகப்பை குளிர்ந்தும் இருக்கிறது. எடுத்துவந்த சிறுநீரகத்தைப் பதனத் திரவம் செலுத்திப் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்திருப்பார்கள். அந்தத் திரவங்களில் சிலவற்றில் பொட்டாசியம் மிக அதிகம். நன்கு அலசாமல் திறந்தால் குளிரும் பொட்டாசியமும் ஒன்றாக அந்தச் சின்ன இதயத்துக்குப் போய்ச் சேரும். மகாதமனியைப் பிடித்திருந்த நேரத்தில் கால்களில் தேங்கிய அமிலமும் அதே நிமிடம் திரும்பி வரும். இதயத் துடிப்பு தடுமாறினால் கொடுப்பதற்குக் கால்சியம் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் வெளுத்துக் கிடந்த சிறுநீரகம் சிவந்து விறைக்கும். சில நேரம் மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும்.

ஆவியில் போவதும் பந்தியில் போவதும்

ஐ.சி.யூ.வில் அடுத்த கணக்கு தொடங்குகிறது. அடுப்பில் இருக்கும் ரசம் இரண்டு வழியில் குறையும். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்; உப்பு சட்டியிலேயே தங்கிவிடும். அகப்பையால் மொண்டு ஊற்றினால் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போகும். குறைந்ததை ஈடுகட்டும்போது எந்த வழியில் குறைந்தது என்று பார்த்து ஊற்ற வேண்டும்.

உடம்பில் ஆவி என்பது மூச்சிலும் தோலிலும் போகும் நீர். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 400 மி.லி. என்று வைத்துக்கொள்கிறார்கள். 10 கிலோ குழந்தையின் உடற்பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். ஆக நாளைக்கு 200 மி.லி., மணிக்கு 8 மி.லி. மட்டும்.

அகப்பையால் போவது சிறுநீர். புதுச் சிறுநீரகம் முதல் மணி நேரங்களில் கட்டுப்பாடில்லாமல் பரிமாறும். ரத்தத்தில் தேங்கிக் கிடந்த யூரியா தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பனிக்கட்டியிலிருந்து வந்த சிறுநீரக நுண்குழல்களுக்குத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் திறமை இன்னும் வந்திருக்காது. மணிக்கு 300 மி.லி. போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கமான டிரிப்ஸ் சூத்திரம் 1957-இல் ஹாலிடே, செகர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. அதன்படி நம் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1 லிட்டர், மணிக்குச் சுமார் 40 மி.லி. போவது 300, வருவது 40 என்றால் மூன்றே மணி நேரத்தில் அந்தக் குழந்தையின் மொத்த ரத்தத்துக்கு இணையான நீர் உடம்பை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே இங்கே சூத்திரம் ஓரமாகப் போய்விடுகிறது. நர்ஸ் ஒவ்வொரு மணி நேரமும் யூரின் பையை அளக்கிறார். போன மணி நேரத்தில் எத்தனை மி.லி. போனதோ அத்தனை மி.லி. இந்த மணி நேரத்தில் ஏறும். ஆவிக்கான 8 மி.லி. தனியாக ஓடும். அகப்பைக்கு அகப்பை என்பதுதான் முதல் நாளின் விதி.

உப்பு, புளிப்பு, இனிப்பு

அளவு சரி, எதை ஊற்றுவது? சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு என்றால் சோடியமும் குளோரைடும் சம அளவில், லிட்டருக்கு 154 மில்லிமோல் வீதம். ரத்தத்தில் சோடியம் 140 அளவிலும் குளோரைடு 100 அளவிலும்தான் இருக்க வேண்டும். சோடியம் கொஞ்சம் கூடுதல். குளோரைடோ ஒன்றரை மடங்கு. லிட்டர் லிட்டராக இதை ஊற்றினால் குளோரைடு ஏறி ரத்தத்தில் அமிலம் கூடும். ரசம் புளித்துப்போகும். அமிலம் கூடினால் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியமும் வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஆகாதே என்று அதை ஒதுக்கி, பொட்டாசியமே இல்லாத சலைனை ஏற்றுவதுதான் நெடுநாள் வழக்கம். சிறுநீரக மாற்று செய்துகொண்ட பெரியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது சலைன் பெற்றவர்களுக்குத்தான். பாட்டிலில் இருந்த கொஞ்சப் பொட்டாசியத்தைவிட, அமிலம் வெளியே தள்ளிய பொட்டாசியம் அதிகம்.

லாக்டேட்டைச் சேர்த்த யோசனையே குழந்தைகளுக்காகப் பிறந்தது. சிட்னி ரிங்கரின் உப்புக் கரைசலில் 1930-களில் அதைக் கலந்து அமிலத்தைத் தணித்தவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். இன்று பிளாஸ்மாலைட் போன்று ரத்தத்தின் உப்புக்கு இன்னும் நெருங்கிய சமநிலைத் திரவங்களும் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 808 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ‘பெஸ்ட்-ஃப்ளூயிட்ஸ்’ ஆய்வில், இறந்தவர்களின் சிறுநீரகத்தைப் பெற்றவர்களைக் கவனித்தார்கள். சலைன் ஏறியவர்களில் 40 சதவீதம் பேருக்குப் புதுச் சிறுநீரகம் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்கியது. சமநிலைத் திரவம் ஏறியவர்களில் 30 சதவீதம்.

சோடியம் குறைவது வேறு வகை ஆபத்து. சிறுநீரோடு போகும் உப்பு சலைனில் பாதியளவு இருக்கும் என்பதால் அரை உப்புச் சலைனை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். சிறுநீர் நன்றாகப் போகும்வரை அது பொருந்தும். திடீரென்று சிறுநீர் குறைந்தால் ஊற்றிய தண்ணீர் உள்ளேயே தங்கி ரசத்தை நீர்க்கச் செய்யும். சோடியம் வேகமாக இறங்கினால் மூளை வீங்கும், வலிப்பு வரும். சமநிலைத் திரவம் ஏற்றினால் குழந்தைகளுக்குச் சோடியம் குறைவது தடுக்கப்படுமா என்று பிரிட்டனில் ‘புளூட்டோ’ என்ற ஆய்வு நடந்தது. அதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எந்தப் பாட்டிலும் காவலுக்கு நிற்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதிப்பதுதான் காவல்.

அடுத்து இனிப்பு. 5 சதவீத குளுக்கோஸ் கலந்த பாட்டிலை மணிக்கு 300 மி.லி. ஓட்டினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிக்கும் மேல், மணிதோறும் ஒரு 10 கிலோ உடம்புக்குள் போகும். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் ஏற்கெனவே சர்க்கரையை ஏற்றுபவை. ஏறிய சர்க்கரை சிறுநீரில் வழியும்போது தண்ணீரையும் இழுத்துப் போகும். அதனால் சிறுநீருக்கு ஈடாகப் போகும் பாட்டிலில் சர்க்கரையை விட்டுவிடுகிறார்கள், அல்லது மிகக் குறைவாகச் சேர்க்கிறார்கள். ஆவிக்கு ஈடாக மெதுவாக ஓடும் பாட்டிலில் குளுக்கோஸ் இருக்கலாம். ஆக, “குளுக்கோஸ் ஏத்துறாங்க” என்று நாம் சொல்லும் பாட்டில்களில் பெரியது குளுக்கோஸே இல்லாததாக இருக்கக்கூடும்.

ஊற்றுவதை எப்போது குறைப்பது?

ஊற்ற ஊற்றச் சிறுநீரகம் மொண்டுகொண்டே இருக்கும். நாம் ஊற்றுவதுதான் வெளியே வருகிறது என்ற கட்டம் ஒன்று வரும். ஒன்றிரண்டு நாளில் முழு ஈட்டை முக்கால், அரை என்று படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நாளுக்கு இவ்வளவு என்று நிலைப்படுத்துகிறார்கள். சட்டென்று நிறுத்தினால் சட்டி வற்றும்.

கூடினாலும் தப்பு. விளிம்பு தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். செயற்கைச் சுவாசம் நீளும். குடல் வீங்கினால் ஏற்கெனவே நெருக்கடியான வயிற்றில் புதுச் சிறுநீரகமே நசுங்கும்.

சிறுநீர் திடீரென்று நின்றால் முதலில் பார்ப்பது சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்றுதான். அடுத்து டாப்ளர் ஸ்கேன்: ரத்தம் உள்ளே போகிறதா? சட்டி வற்றியிருந்தால் மட்டுமே மேலும் ஊற்றுவது. சில பிள்ளைகளுக்குப் பழைய சிறுநீரகமும் கொஞ்சம் சிறுநீர் விடும். ஆகவே பையில் நிரம்புவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய முடியாது; ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு இறங்க வேண்டும்.

பள்ளத்தாக்குக்குத் திரும்பிய பின்

இந்தியாவில் முதல் வெற்றிகரமான உறவினர் கொடைச் சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது. மதுரை இராசாசி மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமுண்டு. சின்னக் குழந்தைகளுக்கு என்றால் குழந்தைச் சிறுநீரக நிபுணர்கள் இருக்கும் பெருநகர மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும். சில மாதம் அங்கே தங்கிவிட்டுக் கம்பத்துக்கோ கூடலூருக்கோ போடிக்கோ குடும்பம் திரும்பும்.

திரும்பும்போது கூடவே வருவது பழைய கட்டளைக்கு நேர் எதிரான ஒன்று. நேற்றுவரை “ஒரு வாய்க்கு மேல வேணாம்” என்று தடுத்த அதே அம்மா, இன்று விரட்டி விரட்டிக் குடிக்கவைக்க வேண்டும். பெரிய அகப்பை இன்னும் சின்னச் சட்டியில்தான் இருக்கிறது. போதிய ரத்தம் போகாவிட்டால் அது மெல்லச் சுருங்கும். அதனால் சின்னக் குழந்தைக்கு நாளைக்கு 2 லிட்டர் வரைகூட நீராகாரம் சொல்லப்படுவது உண்டு. வாயால் முடியாத பிள்ளைக்கு மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் வைத்து இரவில் ஏற்றுவார்கள். பிள்ளை வளர வளரச் சட்டி பெரிதாகும். இந்த நெருக்கடி தணியும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணறோ, கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப் போனால் பாட்டிலும் கூடவே போக வேண்டும். ஆவியில் போவது அன்று கூடுதல். இளநீர் இப்போது கொடுக்கலாமா என்பதைப் பொட்டாசியம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தையும் ஏற்றும். பம்ளிமாஸ் அறவே கூடாது. அது அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நீர் வற்றுவது ஒருபுறம். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது மறுபுறம். உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட்டு உடனே க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக “கிட்னி மாத்துன பிள்ளை” என்று சொல்லி, டிஸ்சார்ஜ் தாளைக் காட்டுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை ஊசி மாத்திரை வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் நிறைய. சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் கழிவதே ஆபத்து. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தண்ணீர்ப் பாட்டிலை மேசை மேலேயே வைத்துக்கொள்ள விடுங்கள். எத்தனை முறை எழுந்து வெளியே போகக் கேட்டாலும் அனுப்புங்கள்.